வீட்டில் செய்யும் ஸ்டர்லிங் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகர டப்பா, பலூன், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஆகியவற்றைக் கொண்டு சூடான காற்று எஞ்சின் செய்யும் பள்ளி மாணவர்களுக்கும், பணி ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்கிய சில பெரியவர்களுக்கும் உதவி வருகிறேன். கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால், செய்யத் தொடங்கும் முன் ஒருமுறை முழுவதையும் படித்துவிடுவது நல்லது.

சூடான காற்று எஞ்சின்னா என்ன? நீராவி எஞ்சின் மாதிரிதானே?

இல்லை. நீராவி எஞ்சினுக்குக் கொதிகலன் வேண்டும். அங்கே உண்டாகும் ஆவி வால்வுகள் வழியாக உள்ளே வந்து, பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியேறும். ஸ்டர்லிங் எஞ்சினில் எதுவும் உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை. அடைத்து வைத்த அதே காற்று மாறி மாறிச் சூடேறி ஆறுகிறது. சூடேறும்போது அழுத்தம் கூடி பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. ஆறும்போது உள்ளழுத்தம் குறைவதால் பிஸ்டன் உள்ளே திரும்புகிறது. தீ எப்போதும் வெளியிலேயே இருக்கும் என்பதால் மெழுகுவத்தி, ஸ்பிரிட் விளக்கு, வெயில், வெந்நீர் என எதைக் கொண்டும் இதை ஓட்டலாம்.

இதற்கு 1816-இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1818-இல் அவருடைய எஞ்சின் ஒன்று அயர்ஷயர் பகுதியில் ஒரு கல் குவாரியிலிருந்து தண்ணீர் இறைத்தது.

உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு ரெண்டு எதுக்கு ஏறி இறங்குது? ஒரு பிஸ்டன் போதாதா?

போதாது. தீயை வினாடிக்கு ஒருமுறை பற்றவைத்து அணைக்க முடியாது. ஆகவே டப்பாவின் அடியை எப்போதும் சூடாகவும் மேற்பகுதியை எப்போதும் குளிர்ச்சியாகவும் வைத்துக்கொண்டு, காற்றை இரண்டுக்கும் இடையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் டிஸ்பிளேசரின் வேலை இது மட்டுமே. அது மேலே இருக்கும்போது காற்று அடிக்குத் தள்ளப்பட்டுச் சூடேறுகிறது. கீழே இருக்கும்போது காற்று மேலே வந்து ஆறுகிறது. டிஸ்பிளேசர் எதையும் அழுத்துவதில்லை, எந்தச் சக்தியையும் தருவதில்லை. அழுத்த மாற்றத்தை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றுவது வெளியே இருக்கும் பிஸ்டன், அல்லது அதன் இடத்தில் இருக்கும் பலூன் சவ்வு.

இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற பல கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும். டிஸ்பிளேசரை இறுக்கமாகச் செய்வது, பிஸ்டனைத் தளர்வாக விடுவது என்று இரண்டின் இலக்கணத்தையும் மாற்றிப்போடுகிறவர்களே அதிகம்.

ஆல்ஃபா, பீட்டா, காமான்னு மூணு சொல்றாங்க. முதல் தடவை செய்யறவங்க எதைச் செய்யணும்?

காமா. அதில் டிஸ்பிளேசர் ஒரு சிலிண்டரிலும் பிஸ்டன் பக்கத்திலுள்ள இன்னொரு சிலிண்டரிலும் இருக்கும், இரண்டையும் ஒரு குழாய் இணைக்கும். தனித்தனியாக இருப்பதால் ஒவ்வொன்றையும் தனியே கழற்றிச் சோதிக்கலாம். பீட்டாவில் இரண்டும் ஒரே சிலிண்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அமைகின்றன. பிஸ்டனின் நடுவே டிஸ்பிளேசரின் தண்டு கசிவில்லாமல் நுழைய வேண்டும் என்பதால் லேத் வேலை தெரிந்தவர்களுக்கே அது ஏற்றது. ஆல்ஃபாவில் டிஸ்பிளேசர் கிடையாது; சூடான சிலிண்டரிலும் குளிர்ந்த சிலிண்டரிலும் ஒவ்வொரு பிஸ்டன் இருக்கும். சூடான பக்கத்துப் பிஸ்டன் தீயின் அருகிலேயே கசியாமல் ஓட வேண்டும் என்பதுதான் அதன் தொல்லை.

காமாவையும்விட எளிது வேண்டுமென்றால் சோதனைக்குழாய் எஞ்சின் செய்யலாம். போரோசிலிகேட் கண்ணாடிச் சோதனைக்குழாய்க்குள் நாலைந்து கோலிக்குண்டுகளைப் போட்டு, அதன் வாயை ரப்பர் குழாயால் கண்ணாடி சிரிஞ்சுடன் இணைத்து, நடுவில் ஓர் அச்சில் தாங்கவிட்டால் போதும். சிரிஞ்சு குழாயைத் தூக்கிச் சாய்க்க, குண்டுகள் உருண்டு காற்றை இடம் மாற்றும். சக்கரமே சுழலாது, குழாய் ஏற்றமிறக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். ஆனாலும் தத்துவம் முழுவதும் கண்ணாடி வழியே தெரியும்.

லேத் இல்லாம வீட்டிலேயே செய்ய முடியுமா? என்னென்ன வேணும்?

முடியும். டிஸ்பிளேசர் அறைக்கு ஒரு தகர டப்பா, டிஸ்பிளேசருக்குப் பாத்திரக்கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும் ஸ்டீல் வூல் (பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு இழைகள்), ஏறி இறங்கும் அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த அச்சான கிராங்குக்கு ஸ்போக்ஸ் கம்பி, டிஸ்பிளேசரைத் தொங்கவிட தூண்டில் நரம்பு, பிஸ்டனுக்குப் பதில் பலூன் ரப்பர், அதை மாட்ட ஒரு பிவிசி எல்போ, ஃபிளைவீலுக்கு, அதாவது சுழற்சியை விடாமல் தொடரவைக்கும் சக்கரத்துக்கு, மூன்று நான்கு பழைய சிடிக்கள், அடைப்பதற்கு எம்-சீல் அல்லது எஞ்சின் கேஸ்கெட்டுக்குப் பயன்படும் சிவப்பு சிலிக்கோன்: இவ்வளவுதான்.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. குளிர்பான டப்பா அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்துவதால், அடியில் வைத்த சூடு சுவர் வழியாகவே மேலே ஏறிவிடும். பால் பவுடர் டப்பா போன்ற மெல்லிய இரும்புத் தகரம் நல்லது. எவர்சில்வர் இன்னும் நல்லது, ஏனென்றால் அது சாதாரண இரும்பைவிடவும் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். எல்போவை டப்பாவின் மேற்பகுதியில்தான் பொருத்த வேண்டும். அடிப்பக்கத்தில் வைத்தால் பிவிசியும் பலூனும் இளகிவிடும்.

அளவு சொல்லுங்க சார், அப்படியே செய்துடறேன்.

விட்டம் 75 மில்லிமீட்டரும் உயரம் 110 மில்லிமீட்டரும் உள்ள டப்பாவை எடுத்துக்கொள்வோம். டிஸ்பிளேசரின் உயரம் 70, விட்டம் 71, அது ஏறி இறங்கும் தூரம் 30 மில்லிமீட்டர். மேலும் கீழும் 5 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். கிராங்கில் அதற்கான வளைவின் ஆரம் 15 மில்லிமீட்டர், அதாவது ஏறி இறங்கும் தூரத்தில் பாதி. முழுத் தூரத்தையே ஆரமாக வளைத்துவிட்டு, டிஸ்பிளேசர் மூடியில் முட்டுகிறது என்று வருகிறவர்கள் உண்டு.

பிஸ்டனின் கொள்ளளவைக் கணக்கிட ஒரு நடைமுறை விதி உள்ளது. டிஸ்பிளேசர் ஒரு வீச்சில் தள்ளும் கொள்ளளவு, பிஸ்டன் தள்ளும் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்பதற்கு, 1100-ஐ வெப்பநிலை வேறுபாட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன டிஸ்பிளேசர் ஏறத்தாழ 119 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். உள்ளே இருக்கும் காற்று உண்மையில் உணரும் வேறுபாடு 140 டிகிரி என்று வைத்தால் விடை ஏறத்தாழ 8. ஆகவே பிஸ்டனுக்கு 12 முதல் 15 கன சென்டிமீட்டர் போதும். 40 மில்லிமீட்டர் குழாயில் மாட்டிய பலூன் 12 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் ஏறக்குறைய இந்த அளவு வரும். பெரிய பிஸ்டன் அதிக சக்தி தரும் என்று நினைத்துக் கூட்டுகிறவர்கள், அதை அழுத்தித் திருப்பும் அளவுக்குக் காற்றில் வலு இல்லாமல் சக்கரம் பாதியில் நிற்பதைப் பார்ப்பார்கள்.

டிஸ்பிளேசர் டப்பாவோட சுவரை ஒட்டி இருக்கணுமா?

ஒட்டவே கூடாது. சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் காற்று அந்த வழியாகத்தான் மேலும் கீழும் போகிறது. சுவரில் உரசினால் அந்த உராய்வே எஞ்சினின் மொத்தச் சக்தியையும் தின்றுவிடும். இடைவெளி ஐந்தாறு மில்லிமீட்டராக விரிந்துவிட்டால் வேறு விதமான இழப்பு நேர்கிறது: சுவரைத் தொடாமலேயே நழுவும் காற்று சரியாகச் சூடேறுவதுமில்லை, ஆறுவதுமில்லை.

ஸ்டீல் வூலை உருட்டும்போது தளதளவென்று விடாமல், தூக்கிப் பிடித்தால் வடிவம் மாறாத அளவுக்கு இறுக்கிச் சுற்றி, மெல்லிய கம்பியால் கட்டுங்கள். பாத்திரம் துலக்கும் சுருள் கம்பி நாரைப் பலர் வாங்கி வருகிறார்கள். அது மிகவும் ஓட்டையானது, காற்றைத் தள்ளாமல் சும்மா நீந்தும்.

அந்த 90 டிகிரி எதுக்கு? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா என்ன?

டிஸ்பிளேசர் காற்றை இடம் மாற்றிய பிறகுதான் காற்று சூடேறுகிறது. சூடேறிய பிறகுதான் பிஸ்டன் தள்ளப்பட வேண்டும். ஊஞ்சலை அது திரும்பி நம்மிடமிருந்து விலகத் தொடங்கும்போது தள்ளினால்தான் வேகம் கூடும் அல்லவா, அதே கதைதான். ஆகவே கிராங்கில் டிஸ்பிளேசரின் வளைவு, சுழலும் திசையில் பிஸ்டனின் வளைவைவிடக் கால் சுற்று முன்னால் இருக்க வேண்டும். டிஸ்பிளேசர் உச்சியில் இருக்கும் கணத்தில் பலூன் பாதி உயரத்தில் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

கையால் கம்பி வளைக்கும்போது பத்துப் பதினைந்து டிகிரி தவறினால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் இருந்தால் எஞ்சின் எதிர்த் திசையில் சுற்ற விரும்பும். சூடு வைத்த பின் ஒரு திசையில் தள்ளினால் உடனே நின்று, மறு திசையில் தள்ளினால் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால், அதற்குப் பிடித்த திசை அந்த மறு திசையே. கம்பியை மாற்றி வளைக்கத் தேவையில்லை, அந்தப் பக்கமே சுற்ற விடுங்கள்.

எல்லாம் சரியாத்தான் செய்திருக்கேன். ஆனா சுத்தவே மாட்டேங்குது. என்ன தப்பு?

இந்தத் தொகுப்பு உருவானதே இந்தக் கேள்வியால்தான். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது தீயைக் கூட்டுவது. அதனால் பயன் மிகக் குறைவு. ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 80 வாட் வெப்பம் தருகிறது. உங்கள் டப்பா எஞ்சின் சக்கரத்தில் தரப்போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. வெப்பத்துக்குப் பஞ்சம் இல்லை. கிடைத்த சொற்பச் சக்தி உராய்விலும் கசிவிலும் கரைகிறது. ஆகவே தீயை அணைத்துவிட்டு, ஆறிய எஞ்சினில் ஒவ்வோர் இணைப்பாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் டிஸ்பிளேசரையும் பலூனையும் கிராங்கிலிருந்து கழற்றி, சக்கரத்தை மட்டும் சுண்டிவிடுங்கள். அது நீண்ட நேரம் சுற்றி, எந்த இடத்திலும் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் சக்கரம் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. சீக்கிரமே நின்றால் கம்பி வளைந்திருக்கிறது அல்லது தாங்கும் துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அடுத்து டிஸ்பிளேசரை மட்டும் மாட்டிச் சுண்டுங்கள். உரசல் சத்தம் கேட்டால் அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள். டிஸ்பிளேசரின் கனத்தால் சக்கரம் ஒரு பக்கம் இழுக்கப்படும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் சிறு நட்டோ வாஷரோ ஒட்டிச் சமன் செய்யுங்கள். நரம்பில் தொங்கும் டிஸ்பிளேசர் தன் கனத்தால் தானே இறங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு பலூனையும் மாட்டி, ஆனால் டப்பாவில் ஓர் ஓட்டையைத் திறந்து வைத்தபடி சுண்டிப் பாருங்கள். நாலைந்து சுற்றாவது தாராளமாக வர வேண்டும். வந்தால் உராய்வு கட்டுக்குள் இருக்கிறது. இனி ஓட்டையை அடைத்துச் சுற்றினால், உள்ளிருக்கும் காற்று அழுந்தி ரப்பர் போலத் துள்ளி எதிர்க்க வேண்டும். அடைத்த பிறகும் முன்போலவே இலகுவாகச் சுற்றினால் எங்கோ கசிகிறது.

கசிவு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பலூனின் இணைப்பைக் கிராங்கிலிருந்து விடுவித்து, டப்பாவைத் தலைகீழாக இல்லாமல் நேராகவே ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பலூனை விரலால் மெல்ல அழுத்துங்கள். குமிழி வரும் இடம்தான் கசியும் இடம். தண்ணீரில் அமிழ்த்த மனமில்லையென்றால் சோப்பு நுரையைத் தூரிகையால் இணைப்புகளில் தடவலாம். டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் நன்றாகக் காய வைத்த பின்பே தீயருகே கொண்டுபோக வேண்டும். உள்ளே மிஞ்சிய நீர் ஆவியானால் பலூன் வெடிக்கும்.

நரம்பு மூடியைத் துளைத்து வரும் இடம் கொஞ்சம் கசியவே செய்யும். துளை நரம்பின் தடிமனுக்குச் சரியாக இருந்து, அதன் மேல் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் போதுமானது. கீழ்ப்பக்க இணைப்புகளில்தான் ஏமாற்றம் அதிகம். சாதாரண ஈயப் பற்றாசு 183 டிகிரி அருகில் உருகிவிடும். ஹாட் குளூ அதற்கு வெகு முன்பே ஒழுகும். எம்-சீல் நீண்ட நேரச் சூட்டில் விரிசல் விடும். அடிப்பகுதியில் இணைப்பே இல்லாத டப்பாவைத் தேர்ந்தெடுத்து, திறந்த வாயை மேற்பக்கமாக வைத்து மூடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ரெண்டு நிமிஷம் ஜோரா ஓடுது, அப்புறம் நின்னுடுது. மெழுகுவத்தி எரிஞ்சிட்டுதான் இருக்கு.

மேற்பகுதி சூடாகிவிட்டது. எஞ்சினுக்கு வேண்டியது சூடு அல்ல, இரண்டு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு. அடி 250 டிகிரியிலும் மேல் 60 டிகிரியிலும் இருந்தால், இயற்கை விதி அனுமதிக்கும் உச்சத் திறன் சுமார் 36 விழுக்காடு. மேற்பகுதி 120 டிகிரிக்கு ஏறினால் அது 25 ஆகக் குறைகிறது. நம் டப்பாக்கள் இந்த உச்சத்தின் அருகில்கூடப் போவதில்லை. ஆனாலும் உச்சம் சரியும்போது உராய்வை வெல்லப் போதுமாக இருந்த சிறு மிச்சமும் போய்விடுகிறது.

மூடியைச் சுற்றி எம்-சீலால் ஒரு கரை கட்டி அதில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். ஐஸ் வைத்தால் வேகம் கண்கூடாகக் கூடும். நம் ஊர் மே மாதத்தில் வெறும் காற்றில் ஆறட்டும் என்று விட்டால் எந்த டப்பாவும் நெடுநேரம் ஓடாது. டப்பா உயரம் குறைவாக இருந்தாலோ, அலுமினியமாக இருந்தாலோ இந்தத் தொல்லை இரட்டிப்பாகும்; டப்பாத் தேர்வு பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள்.

அப்போ தீயைக் கூட்டினா பிரயோஜனமே இல்லையா?

குளிர்விப்பும் சேர்ந்து கூடினால் உண்டு, தனியே கூட்டினால் கேடு. தகரம் செந்நிறமாகும்வரை சூடாக்கினால் அடி ஆக்ஸிஜனேற்றத்தால் செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டையாகும். பெரிய எஞ்சின்களும் இதில் தப்பவில்லை. ராபர்ட்டின் தம்பி ஜேம்ஸ் ஸ்டர்லிங் 1843-இல் டண்டீ நகர வார்ப்பாலையில் ஒரு நீராவி எஞ்சினையே சூடான காற்று எஞ்சினாக மாற்றி ஓட்டினார். நெருப்பைத் தாங்க வேண்டிய வார்ப்பிரும்புப் பாத்திரங்கள் மீண்டும் மீண்டும் பழுதானதால் 1847-இல் அது கைவிடப்பட்டது.

மெழுகுவத்தியில் இன்னொரு குறை, அடியில் படியும் கரி. அது வெப்பத்தைத் தடுக்கும். ஸ்பிரிட் விளக்கு கரி படியாமல் எரியும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதால், அணைந்துவிட்டது என்று எண்ணி எரியும் விளக்கில் யாரும் ஸ்பிரிட் ஊற்றிவிடக் கூடாது. சிறுவர்கள் செய்யும் எஞ்சினுக்கு மெழுகுவத்தியே போதும் என்பது என் கருத்து.

சூடானதும் பலூன் உப்பிக்கிட்டு அப்படியே நிக்குது. உள்ளே இறங்கவே மாட்டேங்குது.

கசிவே இல்லாமல் அடைத்தவர்களுக்கு வரும் தொல்லை இது. ஒரு வகையில் நற்சான்று. அறை வெப்பத்தில் அடைத்த காற்று, எஞ்சின் சூடேறியதும் சராசரியாகவே அதிக அழுத்தத்துக்கு வந்துவிடுகிறது. பலூன் அந்த உயர்ந்த அழுத்தத்தைச் சுற்றித்தான் ஏறி இறங்க முயலும், ஆகவே எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே நிற்கும். சூடேற்றத் தொடங்கும்போது ஒரு சிறு ஓட்டையைத் திறந்து வைத்து, நன்றாகச் சூடேறிய பின் அதை ஒரு துண்டு டேப்பால் அடைத்துவிடுங்கள். ஆறிய பின் மறுபடி திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பலூன் உள்ளே உறிஞ்சப்படும்.

கண்ணாடி சிரிஞ்சைப் பிஸ்டனாக வைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் நேராது. பிஸ்டனைச் சுற்றியுள்ள மயிரிழை இடைவெளி வழியாக மிகையான காற்று மெதுவாக வெளியேறிச் சராசரியைச் சமன் செய்துவிடும். ஒரு சுற்றுக்குள் நடக்கும் வேகமான அழுத்த மாற்றத்துக்கு அந்த இடைவெளி அடைபட்டதாகவும், நிமிடக்கணக்கில் நடக்கும் மெதுவான மாற்றத்துக்குத் திறந்ததாகவும் நடந்துகொள்கிறது. நாம் தேடித் தேடி அடைக்கும் கசிவு அங்கே மட்டும் உதவிக்கு வருகிறது.

பலூனை நல்லா இழுத்துக் கட்டணுமா?

கூடாது. முரசுத்தோல் போல இறுகிய ரப்பரை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்க வேண்டியிருக்கும். இழுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பகுதி அதற்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது. தளர்வாக, மேலும் கீழும் தடையின்றி மடங்கும்படி மாட்டி, நடுவில் ஒரு வட்டத் தகட்டை ஒட்டுங்கள். மருத்துவக் கையுறையின் ரப்பர் பலூனைவிட மெல்லியது, என் அனுபவத்தில் இன்னும் நன்றாக ஓடும். இரண்டுமே சில வாரங்களில் வெடித்துப்போகும், கண்காட்சிக்கு முந்தைய நாள் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விட்டா நல்லா சுத்தும்தானே?

கிராங்கின் தாங்கு துளைகளில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெயே கூடாது. எண்ணெய்ப் படலம் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பென்சில் கூரைச் சுரண்டிய கிராஃபைட் தூள் மட்டும் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

உள்ளங்கைச் சூட்டிலேயே ஓடும்னு சொல்லி ஒரு எஞ்சின் வாங்கினேன். கையில வெச்சா அசையவே இல்லை. ஏமாத்திட்டாங்களா?

அநேகமாக இல்லை, உங்கள் ஊர் வெயிலே காரணமாக இருக்கலாம். உள்ளங்கை 33, 34 டிகிரி அளவில் இருக்கும். குளிர்நாட்டில் அறை 20 டிகிரியில் இருக்கும்போது நல்ல வேறுபாடு கிடைக்கும். சென்னையில் மே மாத அறை 34 டிகிரியில் இருந்தால் வேறுபாடே இல்லை. மேல்தட்டில் ஒரு ஐஸ் கட்டி வையுங்கள், அறையின் சூட்டையே எரிபொருளாக்கிக்கொண்டு சுற்றும். ஐஸின் மேல் எஞ்சினை வைத்தாலும் ஓடும், ஆனால் எதிர்த் திசையில் ஓடும். சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் இடம் மாறிவிட்டதே காரணம். நீண்ட நேரம் ஐஸ் வைத்தால் உள்ளே ஈரம் படிந்து டிஸ்பிளேசர் தட்டில் ஒட்டிக்கொள்ளலாம், உலர விட்டால் சரியாகும்.

இவ்வகைத் தட்டை எஞ்சினை முதலில் செய்து காட்டியவர் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஐவோ கோலின், ஆண்டு 1983. அமெரிக்கரான ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை மேலும் செம்மைப்படுத்தினார். இதை வீட்டில் செய்ய விரும்பினால், அளவுகள் பற்றிய பதிலில் சொன்ன வகுத்தல் விதியைப் பயன்படுத்துங்கள். வேறுபாடு 50 டிகிரி என்றால் டிஸ்பிளேசர் பிஸ்டனைவிட 22 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும் என்று வரும். டிஸ்பிளேசர் அகலமான தட்டாகவும் பிஸ்டன் சுண்டுவிரல் தடிமனிலும் இருப்பது அதனால்தான். டிஸ்பிளேசரைத் தெர்மகோலில் செய்யலாம், ஆனால் அது 100 டிகிரிக்குச் சற்று முன்பே இளகத் தொடங்கும். வெந்நீர் டம்ளருக்கு மேல் போகாதீர்கள்.

ரீஜெனரேட்டர்னு ஒண்ணு சொல்றாங்களே, அதை எங்கே வைக்கணும்?

நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். சூடான காற்று மேலே போகும் வழியில் தன் சூட்டை ஒரு பொருளில் விட்டுச்சென்று, திரும்பும்போது அதையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ரீஜெனரேட்டர் என்று பெயர். 1816 காப்புரிமையின் உயிர்நாடியே இதுதான். எஞ்சின் அதன் ஒரு பயன்பாடாகவே அதில் சொல்லப்பட்டிருந்தது. ஸ்டீல் வூல் டிஸ்பிளேசரின் இழைகளுக்கிடையே கொஞ்சம் காற்று ஊடுருவுவதால் அது பாதி அளவுக்கு இந்த வேலையையும் செய்கிறது. தனியாக வலை, நார் என்று அடைக்கப் போனால் காற்றின் பாதை நெருக்கமாகி லாபத்தைவிட நட்டமே மிஞ்சும். டப்பா எஞ்சினில் அதை விட்டுவிடுங்கள்.

இதுல மோட்டார் மாட்டி செல்போன் சார்ஜ் பண்ணலாமா?

முடியாது. நன்கு செய்யப்பட்ட ஸ்டர்லிங் எஞ்சின்களைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பீல் கண்ட ஒரு தோராயக் கணக்கு உண்டு. உள்ளழுத்தத்தை வளிமண்டல அலகிலும், பிஸ்டனின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை சுற்று என்றும் எடுத்துப் பெருக்கி, அதை 0.015-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். நம் டப்பாவுக்கு 1, 12, 4 என்று போட்டால் 0.72 வாட் வரும். அதுவும் தொழிற்சாலைத் தரத்துக்கான கணக்கு. பலூனும் வளைகம்பியும் வைத்த எஞ்சின் அதில் பத்தில் ஒரு பங்கைத் தந்தால் மகிழலாம். சாதாரண செல்போன் சார்ஜருக்கு 5 வாட் வேண்டும்.

ஒரு சிவப்பு எல்இடியை எரிய வைக்கலாம், அதிலும் இரண்டு தடைகள் உண்டு. பொம்மை மோட்டாரைக் கையால் சுற்றினால் தடுக்கித் தடுக்கிச் சுற்றும். அந்தக் காந்தப் பிடிப்பே உங்கள் எஞ்சினை நிறுத்திவிடும். இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டாரில் இந்தப் பிடிப்பு இல்லை. அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 240 சுற்றில் எந்தச் சிறு மோட்டாரும் எல்இடிக்குத் தேவையான 1.8 வோல்ட்டைத் தராது. பெரிய சக்கரத்திலிருந்து மோட்டாரின் சிறு கப்பிக்கு ரப்பர் பேண்டு மாட்டி வேகத்தைக் கூட்ட வேண்டும். மோட்டாரை மாட்டும் முன் எஞ்சின் விரலால் லேசாகத் தொட்டாலும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சைக்கிள் பம்பால காத்தடிச்சா பவர் கூடுமா?

கொள்கைப்படி கூடும். மேலே சொன்ன பெருக்கலில் அழுத்தமும் ஓர் எண் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில், வானொலிப் பெட்டிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்த ஏறத்தாழ 200 வாட் ஸ்டர்லிங் ஜெனரேட்டரில் அழுத்திய காற்றுதான் இருந்தது. ஆனால் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். தகர டப்பா அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. தீயின் மேல் இருக்கும் தகரம் ஏற்கெனவே வலுவிழந்தது. உள்ளே எண்ணெய் ஆவி இருந்தால், சூடான அழுத்தக் காற்றில் அது தீப்பற்றி வெடிக்கவும் கூடும்.

இவ்வளவு நல்லதுன்னா ஏன் கார்ல, பைக்ல இல்லை?

காற்றைச் சுவர் வழியாகச் சூடாக்கிச் சுவர் வழியாகவே ஆற்ற வேண்டும் என்பதால், சக்தி கூடக் கூட வெப்பம் மாற்றும் பரப்புகள் பெரிதாகி எடையும் விலையும் ஏறுகின்றன. தவிர, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சீறுவது இதன் இயல்பில் இல்லை. சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில், சத்தமில்லாமல், நீண்ட நேரம் ஓட வேண்டிய இடத்தில் இது வெல்கிறது. ஸ்வீடனின் கோட்லாந்து வகை நீர்மூழ்கிக் கப்பல்கள், திரவ ஆக்ஸிஜனையும் டீசலையும் எரித்து ஸ்டர்லிங் எஞ்சின்களை ஓட்டி, காற்றுக்காக மேலே வராமல் நாட்கணக்கில் நீருக்கடியில் இருக்கின்றன. 2018-இல் நாசா சோதித்த சிறிய விண்வெளி அணு உலையிலும் வெப்பத்தை மின்சாரமாக்கியவை ஸ்டர்லிங் எஞ்சின்களே.

தீயே இல்லாம, மோட்டார் வெச்சு இதைச் சுத்தினா என்ன ஆகும்?

வெப்பம் கடத்தும் பம்பாக மாறும். எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் அதே திசையில் மோட்டாரால் சுற்றினால், தீ வைக்கும் முனை குளிரத் தொடங்கி, மறுமுனை சூடேறும். திசையை மாற்றினால் முனைகளும் மாறும். ஃபிலிப்ஸ் நிறுவனம் இதே முறையில் காற்றைத் திரவமாக்கும் இயந்திரங்களைச் செய்து விற்றது. அகச்சிவப்புக் கேமராக்களின் உணரிகளைக் குளிர்விக்க ஹீலியம் அடைத்த சிறிய ஸ்டர்லிங் குளிர்விப்பான்கள் இன்றும் பயன்படுகின்றன. தகர டப்பாவில் இந்த விளைவைத் தொட்டு உணர முடியாது. உராய்வில் பிறக்கும் சூடே அதை மறைத்துவிடும். நன்கு கடைந்த பித்தளை எஞ்சின் வைத்திருப்பவர்கள் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றை முனையில் ஒட்டி, கையளவு டிரில்லிங் மிஷினால் சில நிமிடங்கள் சுற்றினால், ஓரிரு டிகிரி இறங்குவதைக் காணலாம். முனையைப் பஞ்சால் பொதிந்து வைத்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக இறங்கும்.